பின்னறைக்கு ஒரு ஒயர்

டைப்புக்காரிக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரவுட்டர் பெட்டி. ஹாலில் இருப்பவர்களுக்கு அது வாரிக் கொடுக்கும். ஹாலை ஒட்டிய கொழுந்தன் அறைக்கும் குறை வைக்காது. சாப்பாட்டு மேஜையைத் தாண்டினால் கை சுருங்கிவிடும். சமையலறைக்குச் சொட்டுச் சொட்டாக வரும். அதற்கும் பின்னால், துணி துவைக்கிற இடத்தைத் தாண்டி, தகரக் கூரை போட்ட பின்னறையில் அவளுடைய மேஜை இருந்தது. அங்கே நெட் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை.

டைப்பு என்று பேர் வைத்தவன் கொழுந்தன். அவள் செய்கிற வேலையை அவன் அந்த ஒரு சொல்லில் அடக்கிவிட்டான். ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை, கம்பெனி இவளுக்கு நெட் வழியாக அனுப்பும். காதில் மாட்டிக்கொண்டு, காலடியில் கிடக்கும் பெடலை அழுத்தி அழுத்திக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பெடலை அழுத்தினால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிற்பார். டாக்டர்களைக் காலால் அடக்கி வைக்கிற வேலை என்று அவளே சொல்லிச் சிரித்த காலமும் உண்டு. ஒரு டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார். இன்னொருத்தர் வாயில் எதையாவது மென்றுகொண்டு பேசுவார். அத்தனை பேருடைய நாக்கும் அவளுக்கு அத்துப்படி.

அந்த வாரம் கொட்டாவி டாக்டர், "இடது சிறுநீரகத்தில் கல் தெரிகிறது, வலது சிறுநீரகத்தில்" என்று சொல்லும்போது நெட் போனது. வலதில் என்ன? கல்லா, கட்டியா, ஒன்றுமே இல்லையா? இதையெல்லாம் ஊகித்து அடிக்க முடியுமா? கைபேசியைத் தூக்கிக்கொண்டு துணிக்கொடிக்கு அடியில் நின்று, திரும்ப வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கம்பெனியிலிருந்து மேற்பார்வை பார்க்கிற அம்மாள் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்கம்மா, உங்க டைப்பிங்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா லைன் நிக்க மாட்டேங்குதே. போன தடவை குழுவைப் பாத்துக்கற பொறுப்புக்கு உங்க பேரைத்தான் நான் சொன்னேன். லைனைக் காரணம் காட்டி வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"இப்ப அதுக்கும் மேல போயிடுச்சு. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முழுக்க உங்க லைனை இங்கேர்ந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. அன்னிக்கும் அறுந்துச்சுன்னா பேரை எடுத்துருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல. ஏதாவது செய்யுங்கம்மா."

ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு வருஷமாக அவளும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் புருஷன் கடைத்தெருவில் கண்ணாடிக்கடை வைத்திருந்தான். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிற வேலை. ஊரார் வீட்டுச் சுவரிலெல்லாம் துளை போட்டு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டிக் கொடுப்பான். சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பான் என்று நல்ல பேர் வேறு. சொந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார்த்தைதான்: "பாக்கலாம்." இரண்டு வருஷத்துக்கு முன்னால் லைன் மாற்றியபோது கழற்றி வைத்த பழைய ரவுட்டர் ஒன்று பரணில் கிடந்தது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியாதா என்று அவள் கேட்டிருக்கிறாள். "அது கெட்டுப்போச்சு. தூக்கிப் போடணும், பாக்கலாம்" என்று முடித்துவிட்டான். கெட்டதைத் தூக்கிப் போடவும் பாக்கலாம்தான்.

அன்று சாயங்காலம் அவன் கடையிலிருந்து வந்து கை கழுவும்போதே அவள் ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை லைன் அறுந்தா என் வேலை போயிடும். இன்னிக்குச் சொல்லிட்டாங்க."

"ஹால்ல உக்காந்து செய்யேன். ஹால்ல நல்லாத்தான வருது?"

"ஹால்ல உக்காந்தா வேலை நடக்குதா? போன மாசம் உக்காந்தேனே, பாத்தீங்கல்ல?"

"என்ன பாத்தேன்? எல்லாரும் உக்கார்ற எடம்தான அது?"

எல்லாரும் உட்காருகிற இடம்தான். அதனால்தான் நடக்கவில்லை. காதில் மாட்டியிருக்கிறாள் என்று தெரிந்தும் மாமியார் எதிரில் வந்து நின்று, வெங்காயம் நறுக்கியாச்சா என்று கையாலேயே நறுக்கிக் காட்டுவாள். வாசல் மணி அடித்தால் ஹாலில் இருக்கிறவள்தானே திறக்க வேண்டும்? கொழுந்தன் அறைக்கதவைத் துளி திறந்து, "அண்ணி, மீட்டிங்ல இருக்கேன், ஒரு காபி" என்று சாத்திக்கொள்வான். அவன் ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குத் தணிக்கை செய்கிறவன். அவன் கதவைச் சாத்தினால் ஆபீஸ். அவள் கதவைச் சாத்தினால் கோபம். இரண்டு பேரும் தட்டுவது அதே கீபோர்டைத்தான். ஒரு தடவை இதய நோயாளி ஒருவருடைய அறிக்கையில், மூச்சுத் திணறல் என்று வர வேண்டிய இடத்தில் பருப்பு வேக வைக்கணும் என்று அடித்துவிட்டாள். அனுப்புவதற்குள் பார்த்ததால் பிழைத்தாள்.

"அப்ப அந்தப் பின்னறைக்கு லைன் வர ஏதாவது வழி பண்ணுங்க."

"பாக்கலாம்" என்றான் கண்ணாடிக்காரன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு டி.வி.யைப் போட்டான்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளர் கையிலேயே நசுங்கியிருக்க வேண்டும். எவர்சில்வர், தப்பித்தது.

மறுநாள் காலையில் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். தொண்டை கட்டிய குரலில் ஒரு மனுஷன் எடுத்தான். முழுக்கதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"வீட்ல பழைய ரவுட்டர் ஏதாவது கிடக்கா மேடம்?"

"ஒண்ணு இருக்கு. ஆனா கெட்டுப்போச்சு சார்."

"கெட்டுப்போச்சுன்னா? விளக்கு எரியலையா?"

 எரிகிறதா என்று அவள் பார்த்ததே இல்லை. கெட்டுப்போச்சு என்றதைக் கேட்டுக்கொண்டதோடு சரி.

முக்காலியைப் போட்டு ஏறிப் பரணைத் துழாவினாள். ஓட்டை வாளிக்கும் பழைய மின்விசிறியின் இறக்கைகளுக்கும் நடுவில் பெட்டி கிடந்தது, அதன் ஒயர் அதன் மேலேயே சுற்றி ரப்பர் வளையம் போடப்பட்டு. கெட்டுப்போன சாமானுக்கு யார் இவ்வளவு பதவிசாக ரப்பர் வளையம் போடுவார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. இறங்கி, தூசியைத் தட்டி, பின்னறைப் பிளக்கில் சொருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வரிசையாக, ஒன்றுகூடப் பாக்கியில்லாமல். வீட்டுக்காரர் சரியாகப் பார்க்காமல் சொல்லியிருப்பார் என்று அவளே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இத்தனை ஆத்திரத்திலும் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது, பாவம்.

"எல்லாம் எரியுது சார்!"

"அப்ப கவலையை விடுங்க. நல்லா கேட்டுக்கங்க. முதல்ல பழைய பெட்டியைத் தனியா உங்க கம்ப்யூட்டர்ல மாட்டி, உள்ள போய், நம்பர் குடுக்கறதை நிறுத்தணும். எப்படின்னு அனுப்பறேன். அது முடிஞ்ச பிறகுதான் ஹால் பெட்டியிலேர்ந்து ஒயர் இழுத்து இதுல சொருகணும். தனியா ஒரு நிறத்துல ஒரு குழி இருக்கும், அதுல சொருகாதீங்க. வரிசையா ஒரே மாதிரி நாலு இருக்கும் பாருங்க, அதுல ஒண்ணுல சொருகுங்க. எதை முதல்ல செய்யணும்னு மட்டும் மறந்துடாதீங்க."

"நம்பர் குடுக்கறதுன்னா என்ன சார்?"

"வீட்ல இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பெட்டி ஒரு நம்பர் குடுக்கும் மேடம். ஒரு பெட்டிதான் குடுக்கணும். ரெண்டு பெட்டியும் குடுக்க ஆரம்பிச்சா யாரு பேச்சைக் கேக்கறதுன்னு தெரியாம எல்லாம் முழிக்கும்."

தலையாட்டிக்கொண்டாள். நீளமான ஒயர்ச் சுருள் ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கி வந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து மாமியார் கண்ணயர்ந்த நேரம். ஹால் பெட்டியில் ஒரு முனையைச் சொருகி, ஒயரைச் சுவரோரமாக விட்டு, சோபாவுக்குப் பின்னால் மண்டி போட்டுத் தள்ளி, சாப்பாட்டு அறை நிலைக்கதவுக்கு அடியில் நுழைத்து, பாத்திர அலமாரிக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவி இழுத்து, துவைக்கிற இடத்தில் தண்ணீர் படாமல் கொடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டி, பின்னறை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டு வந்தாள். முழங்கையெல்லாம் ஒட்டடை. வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெயிலில் தகரக் கூரை தகித்தது. கைக்கு முனை வந்து சேர்ந்த சந்தோஷத்தில், எதை முதலில் செய்வது என்பது அவளுக்கு அடியோடு மறந்துபோனது. ஒயரை எடுத்தாள், பெட்டியில் சொருகினாள்.

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொழுந்தன் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அண்ணீ! நெட்டு என்னாச்சு? மீட்டிங்ல பேசிட்டு இருக்கேன்! எல்லாரும் போயிட்டாங்க!"

ஹாலில் டி.வி. வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது. மாமியார் விழித்துக்கொண்டாள். கொழுந்தன் கையில் மடிக்கணினியோடு, கழுத்தில் ஹெட்போனோடு வெளியே வந்தான். தரையில் ஓடிய ஒயரைப் பார்த்தான். அதைப் பிடித்துக்கொண்டே பின்னறை வரைக்கும் வந்துவிட்டான். அன்றைக்கென்று அளவு எடுக்கிற டேப்பை மறந்துவிட்டு, அதை எடுக்கக் கண்ணாடிக்காரனும் வீட்டுக்கு வந்திருந்தான். நால்வரும் துவைக்கிற இடத்தில் கூடிவிட்டார்கள்.

"என்ன அண்ணி இது? யாரைக் கேட்டு ஹால் பெட்டியில கை வெச்சீங்க?"

"யாரைக் கேக்கணும் தம்பி? எனக்கு நாளைக்கு லைன் வேணும். இழுத்தேன். ஒரு தப்புப் பண்ணிட்டேன், இப்பச் சரி பண்ணிடறேன்."

"தப்பா? என் மேனேஜர் பேசிட்டு இருந்தாரு! இது ஆபீஸ் வேலை அண்ணி. நீங்க டைப்பு அடிக்கற மாதிரி அப்புறம் பாத்துக்கலாம்னு விட முடியாது!"

"நானும் ஆபீஸுக்குத்தான் அடிக்கிறேன். மனுஷங்க உசுரு சம்பந்தப்பட்டது. உங்க மீட்டிங் நின்னா மேனேஜர் கோவிச்சுக்குவாரு. என் டாக்டர் பாதியில நின்னா ஒருத்தனுக்கு எந்தக் கிட்னின்னே தெரியாது!"

"இதுக்குத்தான் அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன்" என்று அவன் கையை உதறினான். "நல்லா இருக்கிற பெட்டியை வீட்ல வெக்காத, யாருக்காவது குடுத்துருன்னு. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அண்ணி கையில சிக்கும்னு சொன்னேன்ல அண்ணா?"

கண்ணாடிக்காரன் டேப்பை இழுத்தான், விட்டான். அது சுருக்கென்று உள்ளே போனது.

டைப்புக்காரி திரும்பினாள். "நல்லா இருக்கிற பெட்டியா?"

"அது வந்து…"

"கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே. ஒரு வருஷமா சொன்னீங்களே. நல்லா இருக்குன்னு தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"நீ கத்தாத. நான் கெட்ட எண்ணத்துல சொல்லல."

"வேற எந்த எண்ணத்துல சொன்னீங்க? அதைச் சொல்லுங்க, கேக்கறேன்."

அவன் தம்பியைப் பார்த்தான். தம்பி கொடியில் காய்ந்த துண்டைப் பார்த்தான். "கதவைச் சாத்திக்கிட்டு நீ உள்ள போயிட்டீன்னா வீட்ல யாரு இருக்கா?" என்றான் கண்ணாடிக்காரன் கடைசியில். "அம்மாவுக்கும் ஒத்தாசைக்கு ஆள் வேணும். நான் கடையிலேர்ந்து வந்தா ஹால்ல ஒரு ஆள் இருக்கணும்னு நெனச்சேன். அங்க லைன் வரலேன்னா நீயே ஹாலுக்கு வந்துடுவேன்னு… அவ்வளவுதான்."

இவ்வளவு நேரமும் அவள் கோபம் எங்கெங்கோ சிதறிக் கிடந்தது. கொஞ்சம் பெட்டி மேல், கொஞ்சம் சுவர் மேல், கொஞ்சம் தன் தலையெழுத்தின் மேல். இப்போது எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது. குழுப் பொறுப்பு கைவிட்டுப் போன அன்று அவள் அழுதபோது, இந்த ஆள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "விடு, உனக்கு லைன் ராசி இல்ல" என்று முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"எம்மேல பழியப் போடாதடா" என்றாள் மாமியார். "ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு நானா கேட்டேன்? எனக்கு எதுக்கு இந்தப் பொய்யெல்லாம்? வேலை முடிச்சுட்டு வாடின்னா வந்துட்டுப் போறா." பிறகு, ரொம்பவும் விட்டுக்கொடுத்துவிட்டோமோ என்று பயந்தவள் போல, "அதுக்காக அடுப்பை நானே பாத்துக்குவேன்னு யாரும் நெனைக்க வேணாம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. டைப்புக்காரி பெட்டியிலிருந்து ஒயரை உருவினாள். "தம்பி, உங்க நெட்டு வந்துடும். போய் உங்க மேனேஜரைப் பாருங்க. நீங்க கடைக்குக் கிளம்புங்க. எனக்கு வேலை இருக்கு."

"நான் சொல்றதைக் கொஞ்சம்…"

"கிளம்புங்க!"

அந்தக் குரலை அந்த வீடு அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள்கூட எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்காரன் டேப்பைத் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டு, அதை எடுக்க மறந்து போனான்.

தொண்டை கட்டிய மனுஷன் அனுப்பியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்தாள். பழைய பெட்டியைத் தனியாக மாட்டினாள். உள்ளே போய் நம்பர் கொடுப்பதை நிறுத்தினாள். ஹால் பெட்டிக்கும் இதற்கும் ஒரே முகவரி இருக்கக்கூடாது என்று போட்டிருந்தது, அதையும் மாற்றினாள். ஒரு தடவை எங்கேயோ தப்பாகத் தட்டி எல்லாம் போய், குண்டூசியால் பின்பக்கத் துளையை அமுக்கி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே செய்தாள். மறுபடி ஒயரைச் சொருகியபோது யாரும் கத்தவில்லை. ஹாலில் டி.வி. அதுபாட்டுக்கு ஓடியது. பின்னறையில் கொட்டாவி டாக்டர் தங்குதடையில்லாமல் கொட்டாவி விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டை அவள் பரிமாறவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் டாக்டர்களை இரண்டிரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடிக்கும் அவள் பெட்டியின் விளக்குகளைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் பாத்திரம் எடுக்கும்போது ஒயர் நசுங்குமோ, ஈரக்காலோடு யாராவது தடுக்குவார்களோ என்று ஒரு காதைச் சமையலறையில் வைத்திருந்தாள். மதியம் யாரோ கதவைத் தள்ளியதும் எரிந்து விழப் போனாள். மாமியார் ஒன்றும் பேசாமல் ஒரு தட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். சோற்றில் உப்புக் கம்மி. பெடலிலிருந்து காலை எடுக்காமலே தின்றாள்.

ஷிஃப்ட் முடிந்ததும் மேற்பார்வை அம்மாள் கூப்பிட்டாள். "ஒரு தடவைகூட அறுந்துபோகலம்மா! என்ன மாயம் பண்ணீங்க?"

"வீட்ல ஒரு பழைய பெட்டி இருந்துச்சு மேடம்."

"அடடா, இதை முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதா? அந்தப் பொறுப்பு உங்களுக்கே வந்திருக்குமே!"

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். வேலை தப்பித்தது, நிலைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் டைப்புக்காரிக்கு நெஞ்சு எரிந்தது.

மறுநாள் சாயங்காலம் கண்ணாடிக்காரன் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுத் துளை போடுகிற மெஷினோடு வந்தான். பின்னறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினான். அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஒயர் கதவுல நசுங்குது. என்னிக்காவது அறுந்துடும். சுவர்ல ஓட்டை போட்டு நேரா இழுத்துத் தர்றேன்."

அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். வேலைக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தான், பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். மெஷின் அலறியது. செங்கல் பொடி சிவப்பாகக் கொட்டியது. அந்தப் பக்கம் போய் அங்கே ஒன்று போட்டான். ஒயரை உள்ளே விட்டு இழுத்து, கிளிப் அடித்து, சுவரோடு சுவராகப் படிய வைத்துவிட்டான். முதுகை நிமிர்த்தி, தன் வேலையைத் தானே ஒரு தரம் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான். அவள் முகத்தில் கொஞ்சமாவது வெளிச்சம் வந்திருக்கிறதா என்று பார்த்தான்.

"பாத்தியா? ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகல."

அவன் திணறியிருந்தால், சுவர் இறுகிப்போய் வியர்த்து விறுவிறுத்திருந்தால், அவளுக்கு மனசு இளகியிருக்குமோ என்னவோ. இவ்வளவு சுலபமா? இதற்காகவா ஒரு வருஷம் துணிக்கொடிக்கு அடியில் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்?

"காபி குடிக்கிற நேரம்" என்றாள் மெதுவாக. "தெரியாத்தனமா ஒரு வருஷம் போயிருந்தா தாங்கிக்குவேன். நீங்க தெரிஞ்சே எடுத்துக்கிட்டீங்க."

"இப்பத்தான் போட்டுக் குடுத்துட்டேனே. இன்னும் என்ன செய்யணுங்கற? சொல்லு, செய்யறேன்."

அவள் தரையைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில், பெடலைச் சுற்றி, செங்கல் பொடி கிடந்தது.

"சுவர்த் தூசியைக் கூட்டிட்டு, கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள். திரும்பி உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டாள்.

அவன் மெஷினைக் கீழே வைத்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். துவைக்கிற இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். அவன் பிறந்து வளர்ந்த வீடு அது.

"இந்தா, துடைப்பம் எங்க இருக்கு?" என்றான்.

அவளுக்குக் கேட்டது. பெடலை அழுத்தினாள்.